என் வீட்டுக்காரரைப் பார்க்காத மெஷின்

என் வீட்டுக்காரர் ஜுமாத்தைப் போன்ற பொறாமைக்காரர் எங்கள் தீவில் தேடினாலும் கிடைக்கமாட்டார். ஒரு பக்கம் தெரிகிற பாத்தாம் தீவில் தேடினாலும், மறுபக்கம் விடிய விடிய விளக்கெரிக்கும் சிங்கப்பூரில் தேடினாலும் கிடைக்கமாட்டார். அதற்காக ஊரில் உள்ள எல்லோரையும் பார்த்து வயிறெரிகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய பொறாமை முழுவதும் ஒரே ஓர் ஆளுக்கு எழுதிவைத்த சொத்து. அந்த ஆள் பெயர் பஹார். பக்கத்துச் சந்தில்தான் வீடு.

இரண்டு பேருக்கும் ஒரே நாளில், ஒரே பாயில் வரிசையாக உட்காரவைத்து சுன்னத் செய்தார்கள். பஹார் அழவில்லை. இவர் ஊரைக் கூட்டினார். அழாதவனுக்கு முழுக்கோழி, அழுதவனுக்குக் கால் துண்டு. அந்தக் கோழி வழக்கு இன்றுவரை தீரவில்லை. அதற்குப் பிறகு முதலில் மீசை முளைத்தது பஹாருக்கு. முதலில் சொந்தப் படகு வாங்கியது பஹார். என்னைப் பெண் கேட்டதிலும் பஹார்தான் முதல். அவன் அம்மா வெற்றிலைத் தட்டோடு வந்து, அதன்மேல் ஒரு கல் வைத்த மோதிரத்தையும் வைத்துவிட்டுப் போனாள். அதே வாரம் ஜுமாத்தின் அத்தை வந்தாள். தட்டில் வெற்றிலை மட்டும்தான் இருந்தது.

நான் யாரைச் சொன்னேன் என்பது ஊருக்கே தெரியும். ஏன் சொன்னேன் என்று யாரும் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு.

ஜெயித்தவனுக்கு எதற்குப் பொறாமை என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். இவருக்கு நான் ஜெயித்த பொருள் இல்லை. எந்த நேரமும் கைமாறிப் போகக்கூடிய பொருள். பஹாரின் மனைவி நோர்மா வீட்டுப் பக்கம் பார்த்து நான் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது. பெருமூச்சு விடாமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா? நோர்மா வீட்டில் இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் இருக்கிறது. அதன் கதவில் ஐஸ் தண்ணீர் கொட்டும் குழாய் இருக்கிறது. படகுத்துறையில் காலை முதல் மாலை வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று, மீன் துருவல் அடைத்த லுத்தி ரொட்டி பொரித்து விற்கிறவள் நான். ஐஸ் தண்ணீருக்கு வயிறெரிய எனக்கும் உரிமை உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்குள்தான் அந்த மெஷின் வந்தது.

எங்கள் தீவுக்கு முன்பு ஒரு பெயர் இருந்தது. வேகப் படகு, நீள மூங்கில், அதன் நுனியில் ஒரு கொக்கி. இதற்குமேல் சொல்லமாட்டேன். அந்த ஆட்கள் எல்லாம் இன்றைக்குப் பேரப்பிள்ளை எடுத்துவிட்டார்கள், பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டுத்தானோ என்னவோ, பாத்தாமில் இருந்து ஒரு கம்பெனி எங்களைத் தேடி வந்தது. கப்பலின் கம்பத்து உச்சியில் அவர்கள் ஒரு மெஷின் வைப்பார்கள். அது சுற்றிக்கொண்டே கடலைப் பார்க்கும். ஏதாவது சின்னப் படகு கப்பலை நோக்கி வந்தால் தூரத்திலேயே கண்டுபிடித்து சைரன் அலறும், விளக்கடிக்கும், ஒலிபெருக்கியில் மிரட்டும். கொள்ளைக்காரன் வந்து ஏணி போடுவதற்குள் கப்பல்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்ளலாம், திசை திருப்பி ஓடலாம்.

மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்கத் திருடன் வேண்டுமே. எங்கள் தீவுக்கு எதிரே நங்கூரமிட்ட கப்பல்களில் மெஷினைப் பூட்டிவிட்டு, எங்கள் படகுக்காரர்களைக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். திருடனைப்போல் வரவேண்டும், அவ்வளவுதான். ஒத்திகைத் திருடன். கூலி நல்ல கூலி.

கம்பெனி இன்ஜினியர் பாக் விராத்மோ, பாக் என்றால் ஐயா, ஜாவாக்காரர். நல்ல மனிதர். பேசினால் தன் வாய் தனக்கே கேட்கக் கூடாது என்பதுபோல் பேசுவார். அவர் முதலில் கூப்பிட்டது யாரை? வேறு யாரை, பஹாரைத்தான். பஹாருடையது ஆள் ஏற்றும் படகு. கூரை உண்டு, பின்னால் இரண்டு இன்ஜின்கள். அவன் புறப்பட்டுப் பாதி தூரம்கூடப் போகவில்லை, கப்பலில் இருந்து சைரன் அலறியது பாருங்கள், என் கடையில் தே ஓபெங் குடித்துக்கொண்டிருந்தவர்கள் ஐஸ் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார்கள். "படகே, உன்னைப் பார்த்துவிட்டோம், திரும்பிப் போ" என்று மலாயிலும் இங்கிலீஷிலும் ஒலிபெருக்கி கத்தியது. பஹார் மாப்பிள்ளை ஊர்வலம் போல் திரும்பி வந்தான்.

"எவ்வளவு தூரத்துல பார்த்துச்சு, கவனிச்சீங்களா?" என்று எல்லோரிடமும் கேட்டான். "நம்மள பார்த்ததும் கப்பலே கதறுது!"

அடுத்தது என் வீட்டுக்காரர். அவருடையது நண்டுக்கூண்டு இழுக்கிற படகு. ஒல்லி, தாழ்வு, தண்ணீருக்கு மேல் ஒரு சாண் தெரிந்தால் அதிகம். பழைய சின்ன இன்ஜின். அவர் போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். கடல் சும்மா இருந்தது. பஹாரைப் பார்த்து அலறிய இடத்தைத் தாண்டினார். சும்மா இருந்தது. கப்பலின் நிழலுக்குள்ளேயே போய்விட்டார். அப்போதும் சும்மா இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் துடுப்பை எடுத்துக் கப்பலின் இரும்பில் டொங்கு டொங்கு என்று தட்டினார். மேலே இருந்து ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு, பயத்தில் கையில் இருந்த காப்பியை இவர் தலையிலேயே கொட்டிவிட்டான்.

படகுத்துறை உருண்டு உருண்டு சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், வேறு ஒருத்தியின் புருஷனாக இருந்திருந்தால்.

பஹார் கையைப் பிடித்துக் கரையேற்றிவிட்டுச் சொன்னான்: "மெஷினுக்கே உன்னைக் கண்ணுல தெரியலையேடா ஜுமாத்! ரொகாயா, இவனுக்குக் கொஞ்சம் நல்லா ஆக்கிப் போடு. சதை பிடிக்கட்டும்."

ரொகாயா என்றால் நான்தான். என்னைப் பெயர் சொல்லி அவன் கூப்பிட்டதே இவருக்குப் போதும், மீதி எதற்கு. பாக் விராத்மோ மட்டும் சிரிக்கவில்லை. முகம் செத்துப்போய் இருந்தது. இவரிடம் வந்து, "அடுத்த வாரமும் வரமுடியுமா பாக் ஜுமாத்?" என்று மெல்லக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து இவர் சொன்னார்: "மறுபடியும் வரச் சொல்லியிருக்கான்."

"நல்லதுதானே? கூலி கிடைக்கும்."

"நீ ஒண்ணு. பாஸ் ஆனவன எதுக்குத் திரும்பக் கூப்பிடுவான்? பஹாரைக் கூப்பிட்டானா? ஃபெயில் ஆனவனைத்தான் திரும்ப வரச் சொல்லுவாங்க."

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எனக்கு மட்டுமில்லை, தீவுக்கே அப்படித்தான் பட்டது. யாரைப் பார்த்து மெஷின் சீக்கிரம் அலறுகிறதோ அவன்தான் ஆள் என்று படகுத்துறையில் தீர்ப்பாகிவிட்டது. வாராவாரம் இவர் போவார். வாராவாரம் துடுப்பால் தட்டிவிட்டு வருவார். ஒரு வாரம் மெஷின் லேசாக முனகும், மறுவாரம் அதுவும் இருக்காது. பிள்ளைகள் இவரைப் பேய்ப்படகு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பஹாரை அவர்கள் வேறு நாளில் கூப்பிட்டார்கள். கப்பல் முதலாளிகள் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து மெஷினை வேடிக்கை பார்க்கும் நாளில். அவன் போவான், சைரன் கதறும், முதலாளிகள் கை தட்டுவார்கள். கம்பெனி பெயர் போட்ட தொப்பி கொடுத்தார்கள். நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். நோர்மா அதைச் சட்டம் போட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலேயே மாட்டினாள். ஐஸ் தண்ணீர் கேட்டுப் போகிற எல்லோரும் போட்டோவையும் பார்த்தே ஆகவேண்டும்.

அதோடு விட்டதா? அந்த முதலாளிகளில் ஒருவரிடம் சொல்லி, தன் மகன் அஸ்லானுக்குக் கப்பலில் வேலையும் வாங்கிவிட்டான் பஹார். மெஷின் பூட்டிக்கொண்டிருந்த அதே எண்ணெய்க் கப்பல். வேலை முடிந்ததும் அது ஆப்பிரிக்கக் கரைக்குப் போகிறது. அங்கே திருடர்கள் எங்கள் பழைய ஆட்களைப்போல் கயிறும் பெயிண்ட் டின்னும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் இல்லை. துப்பாக்கியோடு வந்து ஆளையே தூக்கிக்கொண்டு போகிறவர்கள். "பயமில்லையா நோர்மா?" என்று கேட்டேன். "மெஷின் இருக்குதுல்லக்கா" என்றாள். எங்களுக்கு ஒரே மகள், பாத்தாமில் ஃபேக்டரி வேலை. மகன் இருந்திருந்தால் அவனுக்கு நண்டுக்கூண்டுதான் கிடைத்திருக்கும் என்று அன்று இவர் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. நோர்மாவின் மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் ஒன்றும் செய்யவில்லை, அது வேறு விஷயம்.

அதற்கு அடுத்த சோதனை நாளில்தான் அந்த அதிசயம் நடந்தது. இவர் புறப்பட்டபோது படகுக்கு நடுவில் மூங்கில் நட்டு, மழைக்கு என்று நீலத் தார்ப்பாய் போட்டுக் கூடாரம் மாதிரி கட்டியிருந்தார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. வெயிலுக்கோ என்னவோ என்று நானும் விட்டுவிட்டேன். சட்டியில் லுத்தியைத் திருப்பிப் போடுகிறேன், சைரன்! நிமிர்ந்து பார்த்தால் இவர் அப்போதுதான் கரையை விட்டிருக்கிறார். பஹாரைப் பார்த்த தூரத்தைவிட அதிக தூரத்தில், ஊரே பார்க்க, என் வீட்டுக்காரரைப் பார்த்து அந்தக் கப்பல் கதறியது.

படகுத்துறையில் ஒரே கூச்சல். யாரோ தகரத்தைத் தட்டினான். பாக் விராத்மோ கப்பலில் இருந்து இறங்கி வந்து இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மனிதர் கண்ணில் தண்ணீர். "முடிஞ்சுது பாக் ஜுமாத்! உங்களைப் பிடிச்சிட்டா எவனையும் பிடிச்சிடும்!" என்று தன் தலையில் இருந்த தொப்பியையே கழற்றி இவர் தலையில் வைத்தார். பஹார் கை தட்டினான். ஆனால் தாளம் தப்பித் தட்டினான். நான் பார்த்தேன்.

அன்றைக்கும் மறுநாளும் நான் நோர்மா வீட்டு வழியாகக் கடைக்குப் போனேன், நோர்மா வீட்டு வழியாகத் திரும்பினேன். அது எனக்கு வழியே இல்லை. வீட்டில் என் டீக் கெட்டிலின் கைப்பிடி வளைந்திருந்ததைப் பார்த்து, "என்னாச்சுங்க?" என்றேன். "கைதவறி விழுந்திடுச்சு" என்றார். தொப்பியோடு சாப்பிட்டார், தொப்பியோடு படுத்தார். சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கப்பல் புறப்படும் நாள் நெருங்கியது. மறுநாள் காலை நங்கூரம் எடுக்கிறார்கள் என்றதும் நோர்மா மகனுக்காக அஸர் தொழுகைக்குப் பிறகு துஆ ஓதி விருந்து வைத்தாள். என் பெரிய அலுமினியத் தாம்பாளத்தை இரவல் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். மஞ்சள் ஒட்டரிசிச் சோற்றை அதில் மலையாகக் குவித்து, மேலே கோழிக் குழம்பை ஊற்றியதும், விளிம்போரமாக ஒழுகி அவளுடைய புதுப் பாயில் சொட்டியது.

"என்னக்கா, உங்க தாம்பாளத்துல ஓட்டை?"

குனிந்து பார்த்தேன். விளிம்புக்குக் கீழே வரிசையாக ஆணியால் அடித்த ஓட்டைகள். ஒன்றில் செம்புக்கம்பித் துண்டு ஒன்று முறுக்கியபடியே இருந்தது. அந்த முறுக்கு எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் வலையின் கொடிக்கம்பில் பழைய பிஸ்கட் டின் கட்டுவார்கள். பெரிய கப்பலின் ராடாருக்கு மரம் தெரியாது, தகரம் தெரியும். வலையை அறுத்துக்கொண்டு போகாமல் விலகிப் போகும். அந்த மெஷினும் ஒரு ராடார்தானே, என் தாம்பாளத்தை இவர் அப்படித்தான் கட்டியிருக்கிறார். தாம்பாளத்தை மட்டுமா? வளைந்த கெட்டில் ஞாபகம் வந்தது. நீலத் தார்ப்பாய் ஞாபகம் வந்தது.

முதலில் எனக்கு வந்தது வெட்கம். நோர்மாவுக்கு முன்னால் இரண்டு நாள் நான் நடந்த நடை எல்லாம் கண்முன் வந்தது. எப்படியாவது மறைத்துவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. அப்போது நோர்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "இத்தனை நாள் உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப நிம்மதியா இருக்கு. ஜுமாத் அண்ணன் படகையே மெஷின் பார்த்துடுச்சுல்ல? அதைவிடத் தாழ்வா எவன் வரப்போறான்?"

அஸ்லான் வந்து குனிந்து என் கையைத் தொட்டு முத்தமிட்டான். "மாமி, எனக்காக துஆ செய்யுங்க" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "அன்னைக்கு என் கெட்டில் எங்க இருந்துச்சு?"

"அடுப்பு மேல."

"கடல்லயா இருந்துச்சு அடுப்பு?"

தாம்பாளத்தின் ஓட்டையைச் சொன்னதும் இவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். "ஒரு தடவை. ஒரே ஒரு தடவை அது என்னைப் பார்த்து அலறணும்னு நினைச்சேன். நான் என்ன கொலையா பண்ணேன்?"

"இன்னும் பண்ணல. நாளைக்குக் கப்பல் போனதும் பண்ணுவீங்க. உங்க படகு மாதிரி ஒரு படகுல துப்பாக்கியோட வருவான். மெஷின் சும்மா இருக்கும். அஸ்லான் தூங்கிக்கிட்டு இருப்பான்."

"எனக்கு மட்டும் அது தெரியாதா? ரெண்டு நாளா அதேதான் ஓடுது மனசுல. ஆனா சொன்னா பஹாருக்குத் தெரிஞ்சிடும் ரொகாயா."

அவ்வளவுதான் விஷயம். இன்ஜினியர் திட்டுவார், கூலி போகும், ஊர் சிரிக்கும் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. பஹாருக்குத் தெரிந்துவிடும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கூடவே பாவமாகவும் இருந்தது. "அப்படின்னா பஹார்கிட்டயே முதல்ல போய்ச் சொல்லுங்க" என்றேன். "மத்தவன் வாயால அவனுக்குத் தெரியிறதைவிட உங்க வாயால தெரியட்டும்."

இவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எழுந்தார். நானும் கூடவே போனேன்.

அஸ்லான் அதற்குள் கப்பலுக்குப் போய்விட்டிருந்தான். பஹார் வாசலில் நின்று விருந்தாளிகளை அனுப்பிக்கொண்டிருந்தான். இவர் போய் நேராகச் சொன்னார்: "மெஷின் என்னைப் பார்க்கலடா. ரொகாயாவோட கெட்டிலைத்தான் பார்த்துச்சு. கப்பலைப் போகவிடாத."

பஹார் சிரித்தான், அசிங்கமான சிரிப்பு. "என் மகன் கப்பலேறுறது பொறுக்கல உனக்கு."

"சத்தியமா சொல்றேன்டா."

"சின்ன வயசுல இருந்து என்னைப் பார்த்து எரிஞ்சுக்கிட்டு இருக்க. எனக்குத் தெரியாதா? மோதிரம் வெச்சுட்டு வந்தவன் நான், அப்பவும் நீதான் ஜெயிச்ச. அப்பவும் அடங்கல உனக்கு. இப்ப என் பிள்ளை வேலையக் கெடுக்க வந்திருக்க. போடா."

பொறாமைக்காரன் உண்மை சொன்னாலும் ஊர் நம்பாது. இவர் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. பஹாரின் சட்டையைப் பிடித்தார். "வா. என் படகுல ஏறு. சைரன் அலறிச்சுன்னா நாளைக்கு ஊர் முன்னாடி என்னைச் செருப்பால அடி."

பஹார் ஏறினான். நானும் ஏறினேன். இந்த இரண்டு பேரையும் தனியாக விட்டால் கப்பலுக்குப் போகமாட்டார்கள், நடுக்கடலில் கட்டிப்புரண்டு இரண்டு பேரும் செத்துப்போவார்கள். பஹார் முன்னால், இவர் பின்னால், என்னைப் பெண் கேட்ட இரண்டு பேருக்கும் நடுவில் நான். மூன்று பேர் கனத்தில் படகு இன்னும் கீழே இறங்கியது. மஃரிப் பாங்கு சொல்லி முடிந்த நேரம், மழை இருட்டு, தூறல்.

பஹார் முன்னால் கையை நீட்டினான். "இதோ, இந்த இடம். இங்கதான் என்னைப் பார்த்து அலறும்." காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒன்றும் அலறவில்லை. "மழைல்ல. கொஞ்சம் கிட்டப் போனாக் கேட்கும்" என்றான். கிட்டப் போனோம். இவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்பு போட்டார். கப்பல் பெரிதாகிக்கொண்டே வந்தது. மேலே சாப்பாட்டு அறையில் விளக்கெரிந்தது, பாட்டுச் சத்தம் கேட்டது. மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று ஒருத்தனும் வெளியில் நிற்கவில்லை.

பஹார் எழுந்துவிட்டான். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். "டேய்! இங்க பாருடா! அலறித் தொலைடா!" என்று கம்பத்து உச்சியைப் பார்த்துக் கத்தினான். படகு ஆடியது. நான் அவன் சாரத்தைப் பிடித்து இழுத்து, "உட்காருங்க, கவுத்துடாதீங்க" என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறந்ததில் இருந்து முதல் தடவையாக பஹாரை யாருமே பார்க்கவில்லை.

கப்பலின் இரும்பு வந்துவிட்டது. பஹார் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான், நிஜம்தானா என்று பார்ப்பதுபோல். இவர் துடுப்பை அவனிடம் நீட்டினார்.

"தட்டுடா."

தட்டினானா அது? துடுப்பின் மட்டை பிளந்து போகும்வரை அடித்தான். "அஸ்லான்! அஸ்லான்!" என்று கத்தினான். மேலே விளிம்பில் ஒரு தலை தெரிந்தது. கையில் சாப்பாட்டுத் தட்டு.

"அப்பாவா? எப்படிப்பா வந்தீங்க? சைரனே அடிக்கலையே!"

பஹார் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சுன்னத்தில் அழாதவன், நாலு பேருக்கு முன்னால் ஒருநாளும் அழாதவன், எங்கள் நண்டுப் படகில் உட்கார்ந்து தோள் குலுங்க அழுதான். இவர் இத்தனை வருஷமாகக் காத்திருந்த காட்சி அது. பார்த்துச் சிரித்திருக்கலாம். கடலைப் பார்த்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

கப்பலிலேயே தங்கியிருந்த பாக் விராத்மோ ஏணியில் பாதி இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டார். "என்னென்ன கட்டியிருந்தீங்க?"

"கெட்டில். ஒரு தாம்பாளம். சட்டி மூடி மூணோ நாலோ."

அவர் ஏணிப்படியிலேயே உட்கார்ந்தார். திட்டவில்லை. "மூங்கிலும் தார்ப்பாயும் எதுக்குன்னு நானும் அன்னைக்குக் கேட்டிருக்கணும். சந்தோஷத்துல கேக்கல. சரி பாக் ஜுமாத், வாராவாரம் உங்களை எதுக்குக் கூப்பிட்டேன்னு நினைச்சீங்க?"

"பாஸ் ஆகலைன்னு."

"பரீட்சை உங்களுக்கு இல்ல பாக். மேல சுத்துதே, அதுக்கு. பாக் பஹார் படகை எந்த மெஷினும் பார்த்துடும், அதை வெச்சு முதலாளிகளுக்கு வேடிக்கை காட்டலாம். ஆனா மெஷினைத் திருத்த உங்க படகுதான் வேணும். உங்களுக்கு எதிர்லதான் அது ஃபெயில் ஆகுது. உங்களை மாதிரி ஒரு திருடன் எனக்கு எங்க கிடைப்பான்?"

பஹார் கண்ணைத் துடைத்துக்கொண்டு இதைக் கேட்டான். முதலில் விராத்மோவைப் பார்த்தான், அப்புறம் இவரைப் பார்த்தான், அப்புறம் எங்கள் படகை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற முகம் அது.

கப்பல் புறப்படுவது தள்ளிப்போனது. இவர் வெறும் படகோடு தினமும் போனார், மழையில் போனார், வெயிலில் போனார், தட்டிவிட்டு வந்தார். விராத்மோ மேலே ஏறி எதையோ திருகுவார், மறுபடியும் வரச் சொல்வார். இப்போது யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் நான் சட்டியில் மாவைப் போடும்போது சைரன் அலறியது. தூரத்தில், ரொம்பத் தூரத்தில், தண்ணீரோடு தண்ணீராக ஒரு கோடு மட்டும் தெரிந்தது. அது என் வீட்டுக்காரர். கெட்டில் என் அடுப்பின்மேல்தான் இருந்தது, திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டேன். நோர்மா ஓடி வந்து, எண்ணெய்க் கையென்றும் பாராமல் என்னைக் கட்டிக்கொண்டாள்.

அஸ்லான் கப்பலோடு போய்விட்டான். ஆப்பிரிக்கக் கரை தாண்டி நல்லபடியாக இருப்பதாக ஃபோன் பேசினான்.

அந்த ஃபோன் வந்த சாயங்காலம் இவர் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தார். "பஹார் கயிறு கொண்டுவந்து என் படகை அளந்துட்டுப் போனான். இதே அளவுல, இதைவிட ஒரு விரல் தாழ்வா ஒண்ணு செய்யச் சொல்லியிருக்கானாம்." அதைச் சொல்வதில் அப்படி ஒரு ஆனந்தம். சோறு போட்டேன். பாதி சாப்பிட்டதும் கையை நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"அன்னைக்கு அவன் வீட்டுல இருந்து மோதிரத்தோட வந்தாங்க. எங்க அத்தை வெறும் வெத்தலையோட வந்துச்சு. உன் கண்ணுக்கு நான் எப்படித் தெரிஞ்சேன்?"

கல்யாணமாகி மகளைக் கட்டிக்கொடுக்கிற வயசு வந்த பிறகு கேட்கிற கேள்வி. சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"கெட்டில் கட்டிக்கிட்டா வந்தீங்க? சும்மாதானே வந்தீங்க. தெரிஞ்சுதே" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல், "அப்ப நோர்மா வீட்டைப் பார்க்குறப்பல்லாம் பெருமூச்சு விடுறியே, அது?" என்றார்.

"அது ஃப்ரிட்ஜுக்குங்க."

"ஃப்ரிட்ஜுக்கா?"

"ஐஸ் தண்ணி கொட்டுற ஃப்ரிட்ஜுக்கு."

இத்தனை வருஷமாக அதை வேறு எதற்கென்று நினைத்துக்கொண்டிருந்தாரோ. தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.